ஹட்டா பாணியில் ஒரு சுதைப் புத்தர் தலை: சுண்ணாம்பு நீற்றுவதிலிருந்து சிவப்புக் கோடு வரை

ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஹட்டா. 1926 முதல் 1928 வரை ழூல் பார்த்தூ தலைமையில் பிரெஞ்சுக் குழு அங்கே தோண்டியபோது ஆயிரக்கணக்கில் சுதைச் சிற்பங்கள் வெளிவந்தன. புத்தர், போதிசத்துவர், மழித்த தலைத் துறவி, தலைப்பாகை கட்டிய காணிக்கையாளர் என்று விதவிதமான தலைகள். பாரிஸின் கிமே அருங்காட்சியகத்துக்கும் காபூல் அருங்காட்சியகத்துக்கும் அவை பிரிந்து போயின. பிந்தைய போர்களில் ஹட்டாவின் விகாரைகள் சிதைந்துவிட்டதால் அருங்காட்சியகங்களில் இருப்பவையே இன்று நமக்குப் பாடம்.

"அச்சில் அழுத்தி எடுத்ததுதானே" என்று இந்தத் தலைகளைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. அச்சு கொடுப்பது முகத்தின் திரட்சியை மட்டும். இமை, உதடு, முடி, காது எல்லாம் அச்சிலிருந்து எடுத்த பிறகு கை செய்தவை. கடைசியில் தூரிகை போட்ட சிவப்புக் கோடு வந்த பிறகுதான் அது முகமாகிறது. ஒரு தலையை முழுதாகச் செய்து பார்த்தால் இது விளங்கிவிடும். கீழே சொல்லும் முறை கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான காந்தாரச் (இன்றைய கிழக்கு ஆப்கானிஸ்தான், வடமேற்குப் பாகிஸ்தான் பகுதி) சுதை வேலையின் அடுக்கு வரிசையைப் பின்பற்றுகிறது. அளவுகளையும் கலவை விகிதங்களையும் இன்று கிடைக்கும் பொருள்களுக்குத் தக்கபடி கொடுத்திருக்கிறோம்.

முதலில் மூலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கழுத்தில் உடைந்த ஒரு காந்தாரச் சுதைத் தலையின் அடிப்பகுதியைப் பார்த்தால் வேலையின் கதை முழுவதும் தெரியும். நடுவில் ஒரு குழி. அங்கே இருந்த மரக்குச்சி எப்போதோ மக்கிப் போயிருக்கும். அதைச் சுற்றிப் பொடிக்கல் கலந்த சொரசொரப்பான சாந்து. வெளியே சில மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளை வெளேரென்று மெல்லிய சாந்து. அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, பூச்சின்மேல் வண்ணம். தலையின் பின்புறம் தட்டையாகவும் கரடுமுரடாகவும் இருக்கும், ஏனென்றால் தலை சுவரோடு ஒட்டி நின்றது. யாரும் பின்னால் போய்ப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தவர்கள் அங்கே நேரத்தைச் செலவழிக்கவில்லை. நாமும் செலவழிக்க வேண்டாம்.

எங்கும் சுண்ணாம்பே பயன்பட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்றைய பாகிஸ்தானிலுள்ள தக்ஷசீலத்தின் ஜௌலியான் விகாரையில் திறந்தவெளித் தூபிகளின் (ஸ்தூபங்களின்) உருவங்கள் சுண்ணாம்புச் சுதை. கூரைக்கு அடியில் இருந்தவற்றில் பல களிமண். மழை படாத இடத்தில் களிமண்ணே போதும், விறகு மிச்சம். 5ஆம் நூற்றாண்டில் அந்த விகாரை தீயில் அழிந்தபோது உள்ளே இருந்த களிமண் உருவங்கள் செங்கல்போல் வெந்து இறுகின. அதனால்தான் அவை பிழைத்தன. நாம் செய்யப் போவது வெளியில் நிற்கக்கூடிய சுண்ணாம்புத் தலை.

அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம். உஷ்ணீஷத்தோடு (தலை உச்சிக் கொண்டை) மொத்த உயரம் 20 செ.மீ., கழுத்து தனியாக 4 செ.மீ. நெற்றி முடிக்கோட்டிலிருந்து முகவாய் வரை 12 செ.மீ.; அதை மூன்றாகப் பிரித்தால் முடிக்கோடு–புருவம், புருவம்–மூக்கு நுனி, மூக்கு நுனி–முகவாய் ஒவ்வொன்றும் 4 செ.மீ. கன்னத்தில் அகலம் 9.5 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து தட்டையான பின்புறம் வரை 12 செ.மீ. இதைவிடச் சிறிதாக எடுத்தால் இமை வேலைக்கு விரல் நுழையாது.

சுண்ணாம்பு

முழு வேலையில் அதிக நாள் பிடிப்பது இதுதான். குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் நூற்றுக்கு 44 பங்கு எடை கரிவளியாக (கார்பன் டை ஆக்சைடாக) போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகும். மொத்தத்தில் கல்லைக் குழைத்து மீண்டும் கல்லாக்குகிற வேலை இது. கடைசிப் படி மிக மெதுவானது என்பதை மறந்துவிட்டால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஒரு தலைக்கு இரண்டு இரண்டரை லிட்டர் சுண்ணாம்புக் குழைவு போதும். முதல் அழுத்தலிலேயே சரியாக வராது, மாதிரித் துண்டுகளும் வேண்டும், எனவே ஐந்து லிட்டருக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு சுமார் இரண்டு லிட்டர் குழைவு தரும். இரண்டரை கிலோ வாங்குங்கள். கல் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டும் ஆகும். கிளிஞ்சல் என்றால் சுடுவதற்கு முன் உப்புப் போகக் கழுவியதா என்று கேட்டு வாங்குங்கள். உப்பு தங்கியிருந்தால் ஒரு வருஷம் கழித்து மூக்கின்மேல் வெள்ளையாகப் பூக்கும்.

இருபது லிட்டர் இரும்பு டிரம்மில் முதலில் எட்டு லிட்டர் தண்ணீர். அதில் சுண்ணாம்பை ஐந்து தவணையாகப் போட வேண்டும். எப்போதும் தண்ணீரில் சுண்ணாம்பு. சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும், வேண்டாம். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். நீளமான கழியால் கிளறுங்கள். கண்ணில் தெறித்துவிட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கண் எரிச்சல் குறைந்ததே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

மறுநாள் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, மேலே ஐந்து செ.மீ. தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். மூன்று மாதம் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல. சூளையில் அளவுக்கு மீறி வெந்த பொடித் துணுக்குகள் உடனே நீறாது, வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அவை சாந்துக்குள் போய், சிற்பம் முடிந்த பிறகு நீறினால் ஊதி வெடித்துக் கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் குழி விடும். பிறகு அதை அடைத்தாலும் திட்டுத் தெரியும். முதிர்ந்த குழைவு கட்டித் தயிர் பதத்தில், கரணையில் அள்ளித் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் இருக்கும்.

பையில் வரும் சுண்ணாம்புத் தூளைத்தான் வாங்க முடிகிறது என்றால் இரண்டு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இழைவு குறைவு, இமையை உருட்டும்போது விரிசல் விடும். சிமெண்ட் வேண்டவே வேண்டாம், வெள்ளைச் சிமெண்டும் சேர்த்துத்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகிவிட்டால் கைவேலைக்கு எங்கே நேரம்? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கால் மணி நேரத்தில் இறுகும், மழையில் கரையும்.

நம் கோபுரச் சுதை வேலையில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ப்பது தெரிந்ததே. இந்தத் தலைக்கு அவற்றைச் சேர்க்க வேண்டாம். கடுக்காயின் துவர்ப்பு இரும்பு பட்ட இடத்தில் கறுக்கும், வெல்லம் மெல்லிய சாந்தை மஞ்சளாக்கும். இங்கே மேற்பரப்பின் வெண்மைதான் வண்ணத்துக்கு ஆதாரம்.

மணலும் மூன்று கலவைகளும்

ஆற்று மணல் கழுவியது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதித் தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மறுபடி கழுவ வேண்டும். வண்டல் மிஞ்சினால் சாந்து சுருங்கும். கடல் மணல் கூடாது.

- கருச்சாந்து (உள்ளே நிரப்ப): குழைவு 1, மணல் 3, மூன்று முதல் எட்டு மி.மீ. பொடிக்கல் 1, செங்கல் தூள் அரைப் பங்கு.
- முரட்டுச் சாந்து: குழைவு 1, இரண்டு மி.மீ. சல்லடையில் சலித்த மணல் இரண்டரை, ஒரு செ.மீ. நீளம் வெட்டிய சணல் இழை லிட்டருக்கு ஒரு சிட்டிகை.
- மெல்சாந்து: குழைவு 1, அரை மி.மீ. சல்லடையில் சலித்த சலவைக்கல் தூள் 1.

எல்லாம் கன அளவு, எடையல்ல. ஒரு லிட்டர் குழைவும் இரண்டரை லிட்டர் மணலும் சேர்ந்தால் மூன்றரை லிட்டர் வராது. குழைவு மணலின் இடுக்குகளை நிரப்பிவிடுவதால் இரண்டரையைத் தாண்டிக் கொஞ்சம்தான் கிடைக்கும். கருச்சாந்தில் செங்கல் தூள் எதற்கென்றால், தலையின் நடுவுக்குக் காற்றுப் போய்ச் சேர வருஷங்கள் ஆகும். நன்றாக வேகாத, மிருதுவான செங்கலின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து காற்றில்லாமலே இறுகும். முறுக வெந்த செங்கலுக்கு அந்தக் குணம் குறைவு.

கலக்கும்போது தண்ணீர் சேர்க்காதீர்கள். கெட்டியாக இருக்கிறதே என்று தோன்றும். மரக்கட்டையால் அரை மணி நேரம் இடித்துப் பிசையுங்கள், தானாக இளகும். ஈரச்சாக்கில் சுற்றி இரவு வைத்து, காலையில் மறுபடி பிசைந்தால் வெண்ணெய்போல் வரும். அவசரப்பட்டு ஊற்றிய தண்ணீர் முழுவதும் காயும்போது விரிசலாக வந்து நிற்கும்.

அச்சு

களிமண்ணில் முகத்தை மட்டும் செய்யுங்கள்: முடிக்கோட்டிலிருந்து முகவாய்க்கு அடிவரை, இருபுறமும் காதுக்கு முன்வரை. புருவத்திலிருந்து மூக்கு நேராக இறங்க வேண்டும்; இடையில் பள்ளம் இல்லாத அந்தக் கோடுதான் காந்தார முகத்தின் முதல் அடையாளம். கண் இருக்குமிடத்தில் இமை செதுக்காமல் வெறும் உருண்டைத் திரட்சி விடுங்கள். மூக்குத் துளையைக் குடைய வேண்டாம். அச்சிலிருந்து நேராக முன்னால் இழுத்தால் எங்கும் மாட்டாமல் வர வேண்டும், அவ்வளவுதான் சோதனை. காதும் கொண்டையும் அச்சில் வராததற்கும் இதுவே காரணம்.

அச்சைச் சுட்ட மண்ணில் செய்வது மேல். மண் தண்ணீரை உறிஞ்சும், நூறு தடவை அழுத்தினாலும் தேயாது. களிமண் காய்ந்து வெந்தால் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு சுருங்கும் என்பதால் மூல முகத்தை அந்த அளவு பெரிதாக, 12 செ.மீ.க்குப் பதில் 13 செ.மீ.யாகச் செய்யுங்கள். மூலம் தோல்பதத்தில் (ஈரம் பாதி போய்த் தோல்போல் இறுகிய பதம்) இருக்கும்போது சாம்பல் தூவி, அதன்மேல் மூன்று செ.மீ. கனத்தில் களிமண்ணை அழுத்திப் போர்த்தி, இறுகியதும் கழற்றி, இரண்டு வாரம் நிழலில் உலர்த்திக் குயவர் சூளையில் சுட்டு வாங்கலாம். முதல் முயற்சிக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ தூளைத் தூவிக் கலக்கி ஊற்றுங்கள், ஒரு வாரம் உலரட்டும். மத்திய ஆசியாவில் ஷோர்ச்சுக் விகாரைகளிலிருந்து கிடைத்த பழைய சுதை அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எளிய சாதனங்கள்தான் அவை.

அச்சுக்குள் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் அச்சு தண்ணீரை உறிஞ்சாது, சாந்து நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும், பிறகு அந்த இடத்தில் வண்ணமும் பிடிக்காது. சலவைக்கல் தூளை மெல்லிய துணியில் கட்டித் தட்டினால் போதும்.

அழுத்துதல்

சுவர்ப் பூச்சில் கடைசியாக வரும் மெல்சாந்து இங்கே முதலில் போகிறது. பட்டாணி அளவு உருண்டைகளாக எடுத்து முதலில் மூக்குக் குழி, அடுத்து முகவாய், உதடு, நெற்றி என்று கட்டை விரலால் அழுத்தி நிரப்புங்கள். ஐந்து ஆறு மி.மீ. கனம், எங்கும் சீராக. பெரிய உருண்டையாகப் போட்டால் மூக்கு நுனியில் காற்று மாட்டிக்கொள்ளும். எடுத்த பிறகு நுனி இல்லாத புத்தர்தான் கிடைப்பார்.

அரை மணி கழித்து மெல்சாந்தின் பளபளப்பு அடங்கியதும் உட்புறத்தைக் குச்சியால் கீறிவிட்டு, முரட்டுச் சாந்து ஒரு செ.மீ. அழுத்துங்கள். பளபளப்பு அடங்குவதற்கு முன் போட்டால் மணல் முன்னால் துருத்தும். முழுதும் காய்ந்த பின் போட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது; பின்னாளில் முகம் முகமூடிபோல் தனியே பெயர்ந்து விழும்.

அதன் பிறகு கழி. இரண்டு செ.மீ. விட்டமுள்ள நன்றாக உலர்ந்த மரக்கழி, 22 செ.மீ. நீளம், பாதி தலைக்குள், பாதி கழுத்துக்குக் கீழே. கழிமேல் வைக்கோல் புரியோ சணல் கயிறோ நெருக்கமாகச் சுற்றுங்கள். மரம் ஈரத்தில் ஊதி, காயும்போது சுருங்கும். சுற்றிய கயிறு அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். இரும்புக் கம்பி எளிதாகக் கிடைக்கிறது என்று வைத்தால் துருப்பிடித்துப் பருத்துக் கழுத்தை இரண்டாகப் பிளக்கும். மரத்துக்கும் அதன் கேடு உண்டு: மத்திய ஆசியாவில் கோத்தான் அருகே ராவாக்கில் 1901இல் தொல்லியலாளர் ஆரெல் ஸ்டைன் பெரிய மண்சுதைப் புத்தர்களைத் தோண்டியபோது உள்ளிருந்த மரச்சட்டம் மக்கிப் போயிருந்ததால் உருவங்களை நகர்த்த முடியவில்லை, மறுபடி மணலிட்டு மூட வேண்டியதாயிற்று. வேப்பங்கழி அல்லது தேக்கு வைத்தால் பூச்சி அரிப்பது குறையும்.

கழியைச் சுற்றிக் கருச்சாந்தை அடைத்து, பின்புறத்தைத் தட்டையாக விட்டு நான்கைந்து ஆழக் கீறல் போடுங்கள். அச்சை நிழலில் வையுங்கள். வறண்ட வெயில் நாளில் நான்கு மணி, ஐப்பசி கார்த்திகையில் பத்து மணிக்கு மேல்கூட ஆகும். ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அச்சைக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டினால் முகம் கழன்று வரும்.

கைவேலை: இரண்டு மணி நேரம்

அச்சிலிருந்து வந்த முகத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். தூங்கும் உருளைக்கிழங்கு போலத்தான் இருக்கும். இனிமேல்தான் சிற்பம் தொடங்குகிறது. ஈரத்துணியை அருகில் வைத்துக்கொண்டு, மூங்கில் சிம்புகளில் ஒன்றைக் கத்திபோலவும் ஒன்றைக் கரண்டிபோலவும் சீவிக்கொள்ளுங்கள்.

கண்ணில் தொடங்குங்கள். மெல்சாந்தை இரண்டு மி.மீ. தடிமனில், மூன்றரை செ.மீ. நீளத்தில் திரியாக உருட்டுங்கள். கண் திரட்சியின்மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டுத் தடவி, திரியை வில்லாக வளைத்து ஒட்டி, மேல்விளிம்பை மட்டும் புருவத்தை நோக்கி இழைத்து மறையுங்கள். கீழ்விளிம்பு கூர்மையாக, விழியின்மேல் நிழல் விழும்படி நிற்க வேண்டும். மேலிமை விழியின் மேற்பாதியை மூட வேண்டும். அதற்கு மேல் மூடினால் தூக்கம்; குறைவாக மூடினால் முறைப்பு. கீழிமை இதில் பாதித் தடிமன், கிட்டத்தட்ட நேர்கோடு. மூக்குப் பக்கத்து முனை மயிரிழை கீழே இறங்கட்டும். பார்வை எதிரே நிற்பவர்மேல் படாமல் கீழே தாழ்ந்து போவது இந்த இரண்டு மி.மீ. திரியால்தான். தூபியின் மேல் வரிசையில் வைக்கும் தலை என்றால், கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் தலையைப் பிடித்துப் பார்த்து மேலிமையை இன்னும் சற்று வெளியே இழுங்கள்.

உதட்டின் நடுக்கோட்டை மூங்கில் கத்தியால் ஒரே இழுப்பில் கீறி, இரண்டு கோடியிலும் குச்சி முனையால் சிறிய குழி வையுங்கள். அந்தக் குழியில் தங்கும் நிழல்தான் புன்னகை. கோடியை மேலே வளைத்தால் சிரிப்பாகிக் கெட்டுவிடும். மூக்குத் துளை நான்கு மி.மீ. ஆழம்.

முடி எட்டு மி.மீ. கனமுள்ள மெல்சாந்துப் பட்டை. ஒட்டியதும் நெற்றி நடுவிலிருந்து இரு பக்கமும் அலையலையாக மூன்று மி.மீ. பள்ளங்கள் கீறுங்கள், ஒரு பள்ளத்தை முடித்துவிட்டு அடுத்ததை அதற்கு இணையாகப் போடுவது எளிது. உஷ்ணீஷம் ஐந்தரை செ.மீ. விட்டத்தில் தனி உருண்டை. ஒட்டும் இரண்டு பரப்பையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சுண்ணாம்புப் பால் தடவி, உள்ளே ஒரு மூங்கில் முளை குத்தி இறுக்குங்கள். காதுகளும் இப்படித்தான், மடல் முகவாய்க்குச் சற்று மேலே வரை தொங்கும். ஊர்ணை (புருவ நடுப் பொட்டு) ஐந்து மி.மீ. மணியாக ஒட்டலாம், வண்ணத்திலும் வைக்கலாம்.

ஒரே அச்சு எத்தனை பேராக மாறும் என்பதையும் இங்கேயே செய்து பார்த்துவிடுங்கள். அச்சில் இன்னொரு முகம் அழுத்தி, மேலுதட்டில் இரண்டு மெல்லிய திரிகளை மீசையாக ஒட்டி, தலையில் மணிமாலைத் தலைப்பாகை கட்டினால் அது போதிசத்துவர். அதே பச்சை முகத்தின் கன்னங்களைக் கட்டை விரலால் உள்ளே அமுக்கி, நெற்றியில் மூன்று கீறல் போட்டு, முடியே வைக்காமல் விட்டால் முதிய துறவி. ஹட்டா பட்டறைகள் ஒரு தூபியைச் சுற்றி வரிசை வரிசையாக உருவங்களை நிறுத்தவேண்டியிருந்தது. அச்சு அவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது, அந்த நேரத்தை அவர்கள் இமையிலும் உதட்டிலும் செலவிட்டார்கள்.

உலரவிடாமல் இறுகவிடுவது

பொதுவாக எல்லோரும் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்; காய்ந்துவிட்டால் சுண்ணாம்பு கல்லாகாது. கரிவளியை உறிஞ்ச ஈரம் வேண்டும். விரலால் தடவினால் மாவாக உதிரும் சிற்பங்கள் எல்லாம் அவசரமாகக் காய்ந்தவை. அதே சமயம் தண்ணீரிலேயே ஊறிக்கிடந்தால் காற்று உள்ளே போகாது.

முதல் ஏழு நாள்: மேலே படாமல் சுற்றிலும் ஈரச்சாக்குக் கூடாரம், காலை மாலை பனித்தூவல். அடுத்த மூன்று வாரம்: காற்றோட்டமுள்ள நிழல், இரண்டு நாளுக்கு ஒருமுறை லேசான தூவல். முதல் மூன்று நாளில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சாந்து இன்னும் பச்சைதான்; கரண்டிக் குச்சியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். கழுத்தைச் சுற்றி வட்டமாக விரிசல் வந்தால் கழிதான் காரணம். கழி உலராமல் இருந்தது அல்லது கயிறு சுற்றவில்லை. அதை ஒட்டுப்போட்டு மறைப்பதில் பயனில்லை, மறுபடி அழுத்துங்கள்.

இறுகிவிட்டதா என்று தெரிய, தலையோடு கூடவே செய்துவைத்த மாதிரித் துண்டை உடைத்து, உடைந்த பரப்பில், காரத்தை நிறமாறிக் காட்டும் பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பாக மாறும் பகுதி இன்னும் பச்சைச் சுண்ணாம்பு. நிறம் மாறாத வெளி வளையம் கல்லானது. மெல்சாந்தின் கனம் முழுவதும் நிறம் மாறாமல் இருந்தால் வண்ணத்துக்குப் போகலாம்.

வெள்ளையும் வண்ணமும்

ஒரு பங்கு குழைவில் ஐந்து பங்கு தண்ணீர் கலந்தால் நீர்த்த பால்போல் இருக்கும். தலையை நனைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் மூன்று நாளில் மூன்று பூச்சு. பூசும்போது கண்ணாடிபோல் வெளுப்பே தெரியாது. காய்ந்த பின்தான் வெண்மை வரும். தெரியவில்லையே என்று கெட்டியாகப் பூசினால் செதிலாக உரியும், இமையின் கூர்மையும் மழுங்கிப்போகும்.

சிவப்புக்குக் காவிக்கல். கண்ணாடித் தட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, விரல்களுக்கிடையே நெருடாத வரை அரையுங்கள். மூன்றாம் பூச்சு ஈரம் ஆறுவதற்குள் இந்தக் கோடுகளைப் போட்டால் சுண்ணாம்பே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். அணில் வால் தூரிகை, கோட்டின் அகலம் ஒரு மி.மீ.

எங்கெங்கே? மேலிமைக்கும் விழிக்கும் நடுவே. இமை மடிப்பில். மூக்குத் துளைக்குள். இரண்டு உதடுகளுக்கு இடையில். காது மடிப்பில். முடியும் நெற்றியும் சந்திக்கும் ஓரத்தில். கழுத்து மடிப்புகளில். அருங்காட்சியகத் தலைகளில் மற்ற வண்ணங்களெல்லாம் போன பிறகும் இந்த மடிப்புகளுக்குள் சிவப்பு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பள்ளமாக இருப்பதால் உராய்வு படவில்லை. நிழல் விழும் இடத்தில் கருமையைப் போட்டால் வெள்ளைச் சுதை செத்துத் தெரியும். சிவப்புப் போட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதுபோல் இருக்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் கோட்டைப் போட்டுவிட்டு, அகல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

விழிப் பாவை, புருவம், முடி ஆகியவற்றுக்குப் பூச்சு காய்ந்த பிறகு பசையோடு வண்ணம். வேலம்பிசின் ஒரு பங்கு, வெந்நீர் பத்துப் பங்கு. புருவத்துக்கும் பாவைக்கும் விளக்குக் கரி. முடிக்கு நீலம், கருமை, செம்பழுப்பு மூன்றுக்கும் பழைய சான்று உண்டு. நீலத்துக்கு அவர்களிடம் படக்‌ஷானிலிருந்து வந்த லாஜவர்த் (லாப்பிஸ் லசூலி) என்ற நீலக்கல் இருந்தது. இன்று செயற்கை அல்ட்ராமரின் தூள் சுண்ணாம்போடு ஒத்துப்போகும். இங்குலிகத்தையும் (பாதரசச் சிவப்பு) ஈயச் செந்தூரத்தையும் தவிர்த்துவிடுங்கள். வெளிச்சத்திலும் காரத்திலும் அவை கறுத்துப்போகக் கூடியவை, நச்சும்கூட. உதட்டுக்குக் காவியில் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் கலந்த இளஞ்சிவப்பே போதும். தங்க ரேக்கு ஒட்ட விரும்பினால் அடியில் காவி பூசி ஒட்டுங்கள், வெள்ளைமேல் நேராக ஒட்டினால் பொன் பச்சையோடித் தெரியும்.

வார்னிஷ், அக்ரிலிக் மேல்பூச்சு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு மூச்சுவிட வேண்டும். மேலே படலம் போட்டால் உள்ளே ஈரம் தேங்கி, படலத்தோடு வண்ணமும் சேர்ந்து உரியும்.

சுவரில் நிறுத்துதல்

செங்கல் சுவரில் பன்னிரண்டு செ.மீ. ஆழத் துளை அல்லது முன்பே கட்டிய உடலின் கழுத்துக் குழி. குழியையும் தலையின் பின்புறத்தையும் முந்தின நாளே நனைத்துவிடுங்கள். உலர்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை ஒரே உறிஞ்சாக இழுத்துவிட்டால் பிடிப்பு இருக்காது. முரட்டுச் சாந்தைக் குழியில் நிரப்பிக் கழியை நுழைத்து, தலையை மூன்று நான்கு பாகை முன்னால் சாய்த்து, கீழே கட்டையால் முட்டுக்கொடுத்துப் பத்து நாள் விடுங்கள். கழுத்துச் சேர்க்கையை மெல்சாந்தால் இழைத்து, வெள்ளை பூசி, மடிப்பில் சிவப்புக் கோட்டைத் தொடருங்கள்.

வெளியில் நிற்பது என்றால் தலைக்கு மேல் பத்து செ.மீ. நீட்டிய மழைத்தடுப்பு அவசியம். சுண்ணாம்பை அழிப்பது நேரே விழும் மழையைவிட மேலிருந்து ஒழுகி வழியும் தண்ணீர்தான். சில வருஷங்களில் வெள்ளை மங்கும்போது பழையவர்கள் செய்ததுபோலப் புதிய பூச்சு கொடுத்து மறுபடி வரையலாம். அப்போது பழைய அடுக்கைச் சுரண்டாமல், தளர்ந்த செதிலை மட்டும் தூரிகையால் தட்டிவிட்டு, நனைத்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. இமையின் அடியிலுள்ள கோட்டை முதலில் போட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.